துப்பாக்கியின்மேல் ஒரு மெழுகுப் பூச்சு

மெழுகு என்னும் சொல்லைக் கேட்டவுடன் கவிதை பயின்றோர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது உருகும் காட்சியே. அனலிடைப்பட்ட மெழுகென்று அடியார் நெஞ்சையும் காதலர் நெஞ்சையும் நம் புலவர்கள் காலந்தோறும் பாடி வந்துள்ளனர். நம் சிற்பியர் கையிலும் மெழுகு உருகவே செய்தது. செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதி தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் சமைக்கிறார். அதன்மேல் மண் பூசிச் சூடேற்றுகிறார். மெழுகு உருகி ஓடிவிட, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் வந்து அமர்கிறது. தான் மறைந்து பிறிதொன்றை வாழவைப்பது என்பதே மெழுகைப் பற்றி நமக்குப் பழகிய கருத்து.

மறையாமல் நின்று காக்கும் மெழுகும் உண்டு. இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து, காற்றும் ஈரமும் அண்டாமல் பல ஆண்டுகள் காவல் புரியும் மெழுகு அது. பழந்துப்பாக்கிகளைப் பேணுவோர் அதனை நன்கறிவர். உயிர் பறிக்கும் கருவியைக் காக்கும் பூச்சுக்கும் இலக்கிய வட்டத்தின் மலருக்கும் என்ன தொடர்பு என அன்பர்கள் வினவலாம். இந்திய வரலாற்றின் பெருந்திருப்பங்களுள் ஒன்று, துப்பாக்கித் தோட்டாவின்மேல் பூசப்பட்ட கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சைச் சுற்றி எழுந்தது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், பழம்பொருள்களைக் காப்பதற்கென்றே ஆய்வகம் ஒன்றில் வேறொரு மெழுகு பிறந்தது. இவ்விரு பூச்சுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு வேதியியலோடு முடிந்துவிடுவதன்று. பூசுகிறவன், தான் பூசுவது இன்னதென்று சொல்லக் கடமைப்பட்டவனா என்னும் வினாவும் அதில் அடங்கியுள்ளது.

இரும்பின் பகை

துப்பாக்கி ஒரு பொருளன்று. பல பொருள்களின் கூட்டு. குழலும் விசைப்பொறியும் இரும்பு. கட்டை பெரும்பாலும் வால்நட் போன்ற வலிய மரம். அணிகளும் காப்புத் தகடுகளும் பித்தளை. இவற்றுள் முதலில் நோயுறுவது இரும்பே. இரும்பு, உயிர்வளி, ஈரம் ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கும். உப்பும் சேர்ந்துவிட்டால் அது விரைந்து வளரும். கடற்காற்றில் உப்பு உண்டு. மனிதன் கை வியர்வையிலும் உப்பு உண்டு. துடைக்காமல் விட்ட விரல் தடமே சில நாள்களில் துருவாகி, விரலின் உருவை இரும்பில் எழுதிவிடும்.

சுடும் செயலும் துருவை வளர்த்தது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த பழைய மருந்து எரிந்தபின், குழலினுள் பொட்டாசியம் சார்ந்த உப்புகள் கரியுடன் கலந்து படியும். அவை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையவை. போர் முடிந்த மாலையில் கழுவாமல் வைத்த துப்பாக்கி, மறுநாள் காலையில் தன்னைத்தானே தின்னத் தொடங்கியிருக்கும். ஆதலால் கழுவுதல், துடைத்தல், எண்ணெயிடுதல் ஆகியன படைவீரனின் நாள்தோறுமான கடமைகளாயின.

பகையைக் கொண்டே பகையைத் தடுக்கும் வழியையும் கைவினைஞர் கண்டனர். குழலின் புறத்தில் அளவாகத் துருவேற விட்டு, அதனைத் தேய்த்துத் தேய்த்து ஒரே சீரான பழுப்பு நிறப் படலமாக்கினர். பின் அதன்மேல் எண்ணெயோ மெழுகோ இட்டு அடைத்தனர். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் ஏற்றி மெருகிட்டனர். மழைநாளில் மருந்துக் கிண்ணத்தின் இடுக்குகளைத் தேன்மெழுகு கொண்டு அடைத்தோரும் உண்டு. ஆக, துப்பாக்கி பிறந்து வளர்ந்த காலம் முதலே மெழுகு அதற்கு உற்ற துணையாக இருந்தது.

தோட்டாவும் பூச்சும்

1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி வந்தபோது, பூச்சின் பணி குழலின் புறத்திலிருந்து தோட்டாவுக்கு மாறியது. அதன் குழல் வாய் 0.577 அங்குலம். குழலினுள் புரிகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்று சென்றால்தான் குறி தவறாது. பழைய வழுவழுப்பான குழலில் தளர்வாக விழுந்த குண்டுபோல் இது விழுவதில்லை. கரிப்படிவு ஏறிய குழலில் குண்டு இறங்க வேண்டுமாயின் வழுக்கும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. அப்பொருள் குண்டைச் செலுத்த உதவியதோடு, கரிப்படிவை மென்மையாக்கிக் குழலையும் காத்தது.

மருந்தும் குண்டும் ஒரே தாள் உறையில் சுற்றப்பட்டிருக்கும். வீரன் உறையின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலினுள் கொட்டி, பூச்சிட்ட குண்டு முனையை வாயில் செருகி, எஞ்சிய தாளை அகற்றிவிட்டுக் கோலால் இடிக்க வேண்டும். பூச்சு விலங்குக் கொழுப்பும் மெழுகும் கலந்து செய்யப்பட்டது. அதில் கொழுப்பே மிகுதி. மெழுகு சிறு பங்கு. கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதை இங்கிலாந்தில் எவரும் கேட்கவில்லை. அங்கு அது கேட்கத்தக்க கேள்வியாகவும் தோன்றவில்லை.

இந்தியாவில் ஒருவர் கேட்டார். இந்நாட்டின் வெப்பத்தில் பூச்சு எவ்வாறு நிற்கிறது என்று சோதிப்பதற்காக 1853இல் பூச்சிட்ட தோட்டாக்கள் இங்கு அனுப்பப்பட்டன. சோதனை தட்பவெப்பத்தைப் பற்றியதே. அப்போது கும்பினிப் படையின் உயரதிகாரியாயிருந்த கர்னல் டக்கர், பூச்சிலுள்ள கொழுப்பு சிப்பாய்களின் சாதி ஒழுக்கத்துக்கு மாறானதன்று என்பது உறுதியாகத் தெரியாதவரை அவற்றை நாட்டுப் படைப்பிரிவுகளுக்குத் தரலாகாது என எழுதினார். அவ்வெச்சரிக்கை கோப்பில் உறங்கிற்று. வெயிலில் மெழுகு உருகுமா என்று ஆராய்ந்தவர்கள், அதைத் தொடும் மனிதர் உள்ளம் என்னாகும் என்று ஆராயவில்லை.

வேலூர் தந்த பாடம்

இவ்வகைப் பிழைக்கு முன்னோடி நம் மண்ணிலேயே உண்டு. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சென்னைப் படைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். காரணங்கள் பலவாயினும் உடனடிக் காரணங்களுள் ஒன்று, தோலால் செய்த அணி பதித்த புதிய தலைப்பாகை. அத்தோல் பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்னும் ஐயம் இந்துவையும் இசுலாமியரையும் ஒருசேரப் புண்படுத்தியது. நெற்றிக் குறிகளை அழிக்கவும் தாடியை மழிக்கவும் இட்ட ஆணைகள் அவ்வையத்தை உறுதிப்படுத்தின. கிளர்ச்சி குருதியில் அடக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். சிப்பாயின் உடலைத் தொடும் பொருள் எதனால் ஆயது என்பது அவனுக்கு உயிர்வினா என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. ஐம்பதாண்டுகளுக்குள் அது மறக்கப்பட்டது.

1857: விடையில்லாத வினா

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் துப்பாக்கிப் பயிற்சி நிலையத்தில், படைக்கலச் சாலைத் தொழிலாளி ஒருவர் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பு கேட்டதாகவும், சாதியைக் காரணம் காட்டி அவர் மறுக்கவே, பசுவின் கொழுப்பையும் பன்றியின் கொழுப்பையும் வாயால் கடிக்கப் போகும் உமக்குச் சாதி ஏது எனத் தொழிலாளி வினவியதாகவும் கூறப்படுகிறது. ஜனவரி 22ஆம் நாள் கேப்டன் ரைட் சிப்பாய்களின் அச்சத்தை மேலிடத்துக்கு எழுதினார். பாரக்பூர்த் தளபதி ஹியர்சே அதனை ஆதரித்து, சிப்பாய்களே கடைத்தெருவில் தமக்கேற்ற பொருள்களை வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார். அரசு இசைந்தது. தேன்மெழுகையும் எண்ணெயையும் தம் கையாலேயே கலந்து பூசிக்கொள்ள வழி பிறந்தது. மெழுகு ஓர் அமைதித் தூதனாக வந்து நின்றது எனலாம்.

ஆயினும் காலம் கடந்துவிட்டது. கல்கத்தாவில் பூச்சுக்கு வாங்கிய கொழுப்பைப் பற்றி விசாரித்தபோது, ஆகாத கொழுப்பு கலவாமல் இருக்கத் தனிக் கவனம் எதுவும் எடுக்கப்படவில்லை என்பதே அதிகாரிகளுக்குக் கிடைத்த விடை. பசுக்கொழுப்பு உண்டு என்றும் அவர்களால் சொல்ல இயலவில்லை. இல்லை என்று சத்தியம் செய்யவும் இயலவில்லை. வரலாற்றில் சில வேளைகளில் பொய்யைவிட இத்தகைய அறியாமையே பெருந்தீங்கு விளைக்கிறது.

ஐயம் பூச்சிலிருந்து தாளுக்குத் தாவியது. புதிய தோட்டாத்தாள் பளபளப்பாக இருந்தது, அப்பளபளப்பே குற்றமாயிற்று. பிப்ரவரியில் பாரக்பூரில் கூடிய விசாரணை மன்றத்தில், தாளை எரித்தால் கொழுப்பு நாற்றம் வருகிறது எனச் சிப்பாய் ஒருவர் சான்று கூறினார். பிப்ரவரி 26ஆம் நாள் பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டா ஏற்க மறுத்தது. மார்ச் 29ஆம் நாள் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தி நின்றார். ஏப்ரல் 8ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். தோட்டாவைப் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் எனப் பயிற்சி விதி மாற்றப்பட்டதும் பயன் தரவில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில் மூன்றாம் இலகு குதிரைப்படையின் 90 வீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9ஆம் நாள் அவர்கள் அணிவகுப்பின் முன்னிலையில் விலங்கிடப்பட்டனர். மே 10ஆம் நாள் மாலையில் மீரட் எரிந்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மீரட்டில் அன்று தரப்பட்டவை, சிப்பாய்கள் முன்பே பழகியிருந்த பழைய வகைத் தோட்டாக்கள்; கொழுப்பிட்ட என்பீல்டு தோட்டாக்கள் அல்ல. இதனைக் காட்டி, சிப்பாய்கள் வெறும் வதந்திக்கு ஆட்பட்டனர் என்று கூறுவோர் உளர். அது பாதி உண்மை. நில இணைப்புகள், ஊதியக் குறை, மதமாற்ற அச்சம் எனப் பல துயரங்கள் அவர்கள் நெஞ்சில் முன்பே திரண்டிருந்தன. என்றாலும் வதந்திக்கு வலிமை தந்தது அரசின் விடையின்மையே. உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாத கை எதை நீட்டினாலும் நஞ்சாகத் தோன்றும்; பழைய தோட்டாவும் அவ்வாறே தோன்றிற்று.

பின்னர்த் தோட்டாப் பூச்சில் தேன்மெழுகு மேலோங்கியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வேதியியல்: கொழுப்பின் அமிலம் ஈயக் குண்டை அரித்து அதன் புறத்தில் படிவை உண்டாக்குகிறது என்பது. சிப்பாய் மானத்தால் மறுத்த கொழுப்பை ஈயமும் தன் இயல்பால் மறுத்துவிட்டது!

எண்ணெயின் குறை, மெழுகின் நிறை

துப்பாக்கி போரிலிருந்து ஓய்ந்து காட்சிக்கூடம் புகுந்தபோது பேணும் முறையும் மாற வேண்டியதாயிற்று. படைவீரன் நாள்தோறும் துடைத்து எண்ணெயிடுவான். காப்பாளர் கையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் உள்ளன. எண்ணெய் ஓரிடத்தில் நில்லாது. செங்குத்தாக நிறுத்திய துப்பாக்கியில் அது மெல்ல வழிந்து விசைப்பொறியைக் கடந்து மரக்கட்டைக்குள் ஊறும். மரம் கறுத்து மென்மையாகும். எண்ணெய் தூசியையும் பிடிக்கும். தூசி ஈரத்தைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயோ நாளடைவில் காய்ந்து மஞ்சள்பட்டு, எளிதில் கரையாத தோலாகிவிடும்.

பளபளப்பை விரும்பித் தேய்த்தோரால் நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது. முன்னாளில் செங்கற்பொடியும் மணலும் கொண்டு தேய்த்தபோது துருவோடு நிறமேற்றிய புறப்படலமும் போயிற்று. செய்தவன் முத்திரையும் சோதனைக் குறியும் தேய்ந்தன. துரு நூறாண்டில் அழிப்பதை ஆர்வம் ஒரு பகலில் அழித்துவிடும்.

தேன்மெழுகு இக்குறைகள் பலவற்றுக்கு மருந்தானது. ஏறத்தாழ 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகும் அது, நம் வெயிலிலும் இடம்விட்டு ஓடாது, நீரை ஏற்காது. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. அதில் தனித்துள்ள கொழுப்பமிலங்கள் காலப்போக்கில் செம்பு, ஈயம் போன்ற உலோகங்களைத் தாக்க வல்லவை. பித்தளை அணிகள் பச்சை பூப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அமிலமில்லாத மெழுகு ஒன்று தேவைப்பட்டது.

ஆய்வகத்தில் பிறந்த மெழுகு

அம்மெழுகின் கதையும் ஒரு போரில் தொடங்குகிறது. முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொருள்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் நிலத்தடிச் சுரங்கங்களில் வைக்கப்பட்டன. போர் முடிந்து வெளியே எடுத்தபோது, குண்டுக்குத் தப்பிய பொருள்கள் ஈரத்துக்குத் தப்பவில்லை என்பது தெரிந்தது. இரும்பு துருவேறியிருந்தது, செம்பு நோயுற்றிருந்தது. அதன் விளைவாக 1920இல் வேதியியலறிஞர் அலெக்சாண்டர் ஸ்காட் பொறுப்பில் அங்கு ஓர் ஆய்வகம் அமைந்தது. ஹெரால்டு பிளெண்டர்லீத் அதனை வளர்த்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற வெர்னர், 1950களில் நுண்படிக மெழுகை அடிப்படையாகக் கொண்டு ஒரு பூச்சை உருவாக்கினார். பின்னர் 'ரெனசான்ஸ் வாக்ஸ்' என்னும் பெயரில் அது உலகெங்கும் காப்பாளர் கைகளில் புழங்கலாயிற்று.

நுண்படிக மெழுகு பாறைநெய்யைத் தூய்மை செய்கையில் கிடைப்பது. மெழுகுவத்தியில் காணும் பாரபின் மெழுகின் படிகங்கள் பெரியவை. அது எளிதில் நொறுங்கும். இதன் படிகங்களோ மிக நுண்ணியவை. ஆதலால் நெகிழ்ந்து பற்றிக்கொள்ளும். அமிலம் இல்லை. அதனோடு பாலிஎதிலீன் மெழுகு சிறிது சேர்த்து உறுதியூட்டி, ஆவியாகும் கரைப்பானில் குழைத்திருக்கிறார் வெர்னர். கரைப்பான் பறந்தபின் மெழுகு மட்டும் மெல்லிய படலமாக எஞ்சும்.

பூசும் முறை எளிது. பொறுமை மட்டும் வேண்டும். பழைய துப்பாக்கிகள் சில இன்றும் குழலுக்குள் மருந்தும் குண்டுமாகவே கிடைக்கின்றன. ஆதலின் அறிந்தவர் முதலில் அதனைச் சோதித்தல் வேண்டும். பின்னர், கையுறை அணிந்து, தூசியை மெல்லிய தூரிகையால் நீக்கி, பழைய எண்ணெயைக் கரைப்பானால் துடைத்தெடுத்து, நன்கு உலர்ந்த இரும்பின்மேல் சிறிதளவு மெழுகைப் பருத்தித் துணியால் பரப்ப வேண்டும். சற்று நேரம் விட்டுத் தூய துணியால் மெருகிடலாம். தடித்த பூச்சினால் நன்மையில்லை. அது தூசியைச் சேர்க்கும். உதிரும் துருவின்மேல் பூசினால் நோயை மூடி வைத்ததாகும்.

மெழுகு எல்லாம் வல்லதுமன்று. அது ஈரத்தைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுத்துவிடாது. இரும்பு வறண்ட காற்றை விரும்பும். மரமோ மிக வறண்டால் வெடிக்கும். ஒரே துப்பாக்கியில் வாழும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஈரப்பதத்தை அறையில் நிலைநிறுத்துவது காப்பாளரின் முதற்கடமை. மெழுகு அதற்குத் துணை.

இவை எல்லாவற்றினும் முதன்மையான பண்பு ஒன்றுண்டு. வேண்டும்போது இப்பூச்சைப் பெரும்பாலும் கரைத்து எடுத்துவிடலாம். காப்புக்கலையின் அறம் இது: பூசுவது பொருளுக்குத் தீங்கிழையாததாகவும், பின்வருவோர் நீக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும், என்ன பூசினோம், எப்போது பூசினோம் என்பதை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். 1857இல் எவரிடமும் இல்லாமற்போன விடையைக் காப்பாளர் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி வைக்கிறார்.

எழும்பூரும் நம் கடமையும்

நமக்கு அருகிலும் இதற்குக் களம் உண்டு. 1851இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களும், புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த படைக்கலங்களும் உள்ளன. 1930இல் அங்கு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது, அறிஞர் எஸ். பரமசிவன் அதில் செப்புத் திருமேனிகளின் நோயை மின்பகுப்பு முறையால் தீர்க்கும் பணியை மேற்கொண்டார். கடற்காற்று வீசும் நகரில் இரும்பைக் காப்பது எளிய செயலன்று. காட்சிப்பேழையின் முன் நின்று படைக்கலத்தை மட்டும் கண்டு செல்வோர், அதன்மேல் படிந்துள்ள பெயரறியாப் பணியாளரின் உழைப்பைக் காண்பதில்லை.

கொலைக் கருவியை ஏன் காக்க வேண்டும், துருப்பிடித்து ஒழியட்டுமே என்று கேட்கும் கவிஞர் உள்ளம் நமக்கு அயலானதன்று. ஆயினும் துருவும் ஒருவகை மறதியே. துப்பாக்கி அழிந்தால், அதனை ஏந்தியவன் சொன்ன சொல்லைச் சரிபார்க்கும் சான்றும் அழியும். குழலின் அளவு, பொறித்த முத்திரை, கட்டையில் கை தேய்ந்த தடம் ஆகியன ஆள்வோர் எழுதாமல் விட்ட வரிகள். பெயர் எழுதத் தெரியாத சிப்பாய் வரலாற்றில் விட்டுச்சென்ற கையொப்பம் ஒருவேளை அத்தேய்வு மட்டுமாக இருக்கலாம்.

ஏடு காத்த மரபில் வந்தோர்க்கு இவ்வறம் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் சுவடிகளைப் பதிப்பித்தபோது தாம் கொண்ட பாடத்தை மட்டும் தந்து ஏனையவற்றை மறைத்துவிடவில்லை. பாடபேதங்களையும் குறித்து வைத்தார். பதிப்பாசிரியர் இட்டது எது, ஏட்டில் இருந்தது எது எனப் பின்வருவோர் பிரித்தறிய வழி விட்டார். நுண்படிக மெழுகைப் பூசும் காப்பாளர் செய்வதும் அதுவே.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டமும் ஒருவகையில் காப்புப் பணியே செய்து வருகிறது. படிப்பவை, பாடுபவை, பதிப்பிப்பவை அனைத்தின்மேலும் நம் காலத்தின் பூச்சு ஒன்று படியத்தான் செய்யும். அது மெல்லியதாக இருக்கட்டும், தீங்கிழையாததாக இருக்கட்டும், இன்னது சேர்த்தோம் என்று நாளை கேட்போர்க்கு மறைக்காமல் சொல்லத்தக்கதாக இருக்கட்டும்.